மீன் எழுதாத கப்பல்

பத்து மணிக்குத் திறக்கும் கடைக்கு ஏழரைக்கே வரிசை நின்றது. உள்ளே இலவசமாக ஒன்றும் கொடுக்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாரும் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது, வரிசையின் வால் என் கடை வாசலில் அல்லவா கிடந்தது? எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரே மாதிரிப் படம். பாசி பிடித்த மீன் தொட்டிக் கண்ணாடி. பச்சைக்கு நடுவே, நத்தை நடந்த மாதிரி வளைந்து வளைந்து போகும் தெளிவான சில கோடுகள். பெற்ற பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக்கூட இவ்வளவு பயபக்தியோடு பிடித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடுகள் மீனின் கையெழுத்தாம். மீனுக்குக் கையே இல்லையே என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையை விட்டு வெளியே போகவேண்டும், இடம் போய்விடும்.

வாசித்துச் சொல்பவர் எங்கள் மீன்காரர்தான். முன்பெல்லாம் "யோவ் மீன்காரரே" என்று கூப்பிட்டால் திரும்புவார். இப்போது அவர் "கண்ணாடி ஐயா". இரண்டு முனையும் மேலே பார்க்கும்படி மீசையை முறுக்கிவிட்டு, அந்த முகத்தைக் கடைப் பலகையில் ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார். மீன் படம் பலகையின் மூலையில், அஞ்சல் தலை அளவுக்கு.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டு வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, வேலை நீக்கக் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவு என்று இந்தத் தெருவின் மானம் மரியாதை எல்லாம் என் இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்ந்து படுத்து எழுந்துதான் போகும். நான் படிப்பதில்லை. கண்ணில் படுவதற்கு நான் பொறுப்பில்லை.

இந்தக் கூத்து தொடங்கிய கதையும் எனக்குத் தெரியும். கண்ணாடி ஐயாவிடம் தங்க மீன் விற்றது, வால் அகன்ற மீன் விற்றது. விற்காமல் கிடந்தது சக்கர் மீன். கறுப்பாக, சொரசொரப்பாக, வாய் அடிப்பக்கம் இருக்கும். அந்த வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். தொட்டி சுத்தமாகும் என்று சொல்லித்தான் அதை விற்பார்கள். அழகு பார்க்க மீன் வளர்ப்பவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேணாங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். நாற்பது மீன் தேங்கிப்போனது. தொட்டியைக் கழுவவும் அவருக்கு மனமில்லை. கண்ணாடி முழுக்கப் பச்சை. ஒருநாள் ஒரு சக்கர் மீன் அந்தப் பச்சையில் ஒரு வளைவு தின்று வைத்திருந்தது. அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "என்னங்க இது, ஏதோ எழுதின மாதிரி இருக்கு" என்று சும்மா சொல்லி வைத்தார். மீன்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "எழுதினதுதாங்க" என்றார்.

அந்த வாடிக்கையாளர் யார் என்பது இப்போதைக்கு முக்கியமில்லை.

நாற்பது மீனும் நான்கே நாளில் போய்விட்டது. மீனோடு ஒரு தாளும் கொடுப்பார், மீன் எழுதுவதற்கான விதிமுறை. தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்கவேண்டும். விளக்கை இரவும் பகலும் அணைக்கக் கூடாது. தீனி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. தண்ணீரை மாற்றவே கூடாது, கண்ணாடியைத் துடைப்பது மகா பாவம். ஏன் என்று கேட்டால், "எழுதப் பலகை வேணாமா?" என்பார். தாளை நான்தான் ஆயிரம் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மீன் வளர்த்த யாராவது அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். அது பாசி சாகுபடிக் கையேடு. வெயில், விளக்கு, மிஞ்சிய தீனி, பழைய தண்ணீர்: பாசி வளர இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் தெருவே தொட்டி வாங்கிவிட்டது. எல்லா வீட்டு வரவேற்பறையிலும் ஒரு குட்டை தேங்கியது.

வாசிப்பும் லேசுப்பட்டதல்ல. கோடு மேலே போனால் உயர்வு. கீழே வந்தால், உயர்வுக்கு முன்னால் ஒரு சிறு தடை. சுழித்தால் உறவில் ஒருவர் உங்கள் மேல் பொறாமைப்படுகிறார். இது தவறவே தவறாது. உலகத்தில் உறவு இல்லாதவர் யார்? கைப்பேசிப் படத்துக்கு ஒரு கட்டணம், வீடு தேடி வந்தால் மூன்று பங்கு.

இதோடு போயிருந்தால் நானும் என் பாட்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் ஐயா டிரைவர் வீட்டுக்குப் போனார்.

டிரைவர் என்றால் எங்கள் தெருவில் ஒருவர்தான். இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர், ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவருக்கு இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிறது என்றார் மருத்துவர். போன பார்வை திரும்பாது, அறுவை செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லித் தேதியும் கொடுத்தார். டிரைவரும் மனைவியும் இதைத் தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்கு ஆபத்து என்று பயம். மருத்துவ விடுப்பில் இருந்தார், முதுகுவலி என்று சொல்லிக்கொண்டார்கள்.

அறுவைக்குக் கொடுக்கவேண்டிய கண் பரிசோதனை அறிக்கையை மட்டும் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. எங்கே எடுப்பார்கள்?

ஐயா வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியை இரண்டு விரலால் தடவினார். கண்ணை மூடினார். நானும் அங்கேதான் இருந்தேன், ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போன சாக்கில்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்கு வெளிச்சம் குறையுது," என்றார். "இடது பக்கம்."

டிரைவர் மனைவி கையிலிருந்த துணியை நழுவவிட்டார். "இதை நாங்க யாருக்குமே சொல்லலையேங்க."

"நீங்க சொல்லல. மீன் சொல்லுது."

எனக்கே அப்போது புல்லரித்தது. அடடா, என்ன ஞானம் என்று வியந்தேன். நாலு நாள் முன்னால் டீ குடிக்கும்போது, 'பாவம் டிரைவருக்கு இடது கண்ணில் ஏதோ' என்று ஐயாவிடம் நான் சொன்னது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. சொன்னேன் அல்லவா, படிப்பதில்லை. சொல்வதையும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஐயா வாசித்து முடித்தார். மீன் கண்ணாடியில் ஒரு ஜன்னல் திறக்கிறது. தெளிவான இடம் உள்ளங்கை அளவு வந்ததும் இடது கண் தானாகத் திறந்துவிடும். அதற்குள் கத்தி பட்டால் எழுத்து முறிந்து இரண்டு கண்ணும் போய்விடும். டிரைவருக்கு அறுவை என்றாலே உதறல். இந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி தலையாட்டினார். மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டார். ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது.

ஜன்னல் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? இருபத்துநாலு மணி நேரமும் எரியும் விளக்கில் பாசி குதித்து வளர்ந்தது. ஒரு பக்கம் மீன் தின்னத் தின்ன, மறுபக்கம் இரண்டு பங்கு முளைத்தது. போதாததற்கு மேலிருந்து விழும் தீனியைத் தின்று தின்று மீன் கொழுத்துவிட்டது. விருந்து வீட்டுத் தாத்தா மாதிரி அடியில் சாய்ந்து கிடந்தது. பாசியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஒரு ஆள் எழுதினா பத்தாது" என்று ஐயா இன்னும் இரண்டு மீன் விற்றார். அதில் ஒன்று, தொட்டியில் ஏற்கனவே இருந்த தங்க மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு தோலை உறிஞ்ச ஆரம்பித்தது. தங்க மீன் செத்தது. வீட்டிலிருந்த நோயை அது வாங்கிக்கொண்டு போயிற்று என்றார் ஐயா. டிரைவர் அழுதே விட்டார். அதே வாரம் தண்ணீர் டம்ளரை இடது பக்கம் மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார்.

டம்ளர் விழுந்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கை.

தங்கை இரண்டு தெரு தள்ளித் துணிப்பையிலும் பனியனிலும் அச்சடிக்கிறாள். மரச் சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, மேலே ஒரு பசையைப் பூசி, கறுப்புப் படத்தை வைத்து, பலமான விளக்கைக் காட்டுவாள். வெளிச்சம் பட்ட இடத்தில் பசை இறுகும். கறுப்பு மறைத்த இடத்தில் பசை கழுவிக்கொண்டு போகும். அந்த ஓட்டை வழியாகத்தான் மை இறங்கும். நாளெல்லாம் வெளிச்சத்தையும் மறைவையும் வைத்துப் பிழைக்கிறவள். தொட்டியையே சற்று நேரம் பார்த்தாள்.

"அண்ணே, இந்த மீன் எழுதுதா, சாப்பிடுதா?"

"ரெண்டும்தான். உனக்குப் புரியாது."

"சரி. சுவர்ப் பக்கம் ஏன் பச்சையே இல்ல? மீனுக்கு அந்தப் பக்கம் எழுத விஷயம் இல்லையா?"

அண்ணி, கண்ணைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னார். தங்கை சும்மா இருக்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு பந்தயம் வைத்தாள்: என் பட்டறையில் நானும் ஒரு தொட்டி வைக்கிறேன், மூன்று வாரம் கழித்து ஐயா வந்து எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். அவர் சொன்னது பலித்தால் மருத்துவமனைத் தேதியை நானே போன் செய்து ரத்து செய்கிறேன். பொய்த்தால் நீங்கள் அந்த வெள்ளிக்கிழமை அறுவைக்கு என்னோடு கிளம்பவேண்டும், மறுபேச்சு கூடாது. டிரைவர் சம்மதித்தார். ஐயா மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சேதியை ஐயாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "கூட்டம் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மூன்று வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது. பட்டறைக்குள் என்னை விடவில்லை. தொட்டியை மறைத்து ஒரு திரையும் போட்டிருந்தாள். சாக்குச் சொல்லி இரண்டு தடவை போனேன். "அக்கா, முடிஞ்சதும் சொல்லி அனுப்புறேன்" என்று சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினாள். ஆனால் மூன்றாவது வாரம் அவளே என் கடைக்கு வந்தாள். ஒரு காகிதத்தைக் கவிழ்த்து வைத்து இரண்டு பிரதி கேட்டாள். குரலைத் தாழ்த்தி, "படிக்காதீங்க அக்கா, அண்ணனுக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

கவிழ்த்து வைத்த காகிதம் பிரதியில் நிமிர்ந்துதானே வரும்? கண்ணில் பட்டது. கடல் கடந்த ஊரில் ஒரு பெரிய அச்சகத்தில் அவளுக்கு வேலை, அடுத்த மாதம் கப்பலில் பயணம் என்று எழுதியிருந்தது. அண்ணனை இந்த நிலையில் விட்டுவிட்டு ஓடப் போகிறாளா? இந்தப் பாரத்தை நான் ஒருத்தி எப்படிச் சுமப்பேன்? சாயங்காலம் டீ வந்தது. ஒற்றைச் செங்கல் சுவர்தானே.

வாசிப்பு நாளன்று பட்டறையில் கால் வைக்க இடமில்லை. மை வாடைக்கு நடுவே மருந்துக்கடைக்காரர் ஏணிமேல் உட்கார்ந்திருந்தார். அழகு நிலையத்து அம்மா பாதி சாயம் பூசிய தலையோடு வந்துவிட்டார். டிரைவருக்கு முன்வரிசையில் நாற்காலி. பக்கத்தில் அவர் மனைவி, கணவரின் முழங்கையைப் பிடித்தபடி.

தங்கை திரையை விலக்கினாள். தொட்டியின் ஜன்னல் பக்கக் கண்ணாடியை எங்களைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள், அது முழுக்க அடர்ந்த பச்சை. நடுவில், கீறினாற்போல ஒரு தெளிவான உருவம். நடு தாழ்ந்து, இரண்டு முனையும் மேலே வளைந்து. கூட்டம் வாயைப் பிளந்தது. இவ்வளவு திருத்தமாக எந்த வீட்டு மீனும் எழுதியதில்லை. அடியில் ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது, ஓரத்தில் ஓட்டையோடு.

ஐயா சட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "உள்ளதான் இருக்கான். வெட்கப்படுறான். பெரிய ஆத்மா." பிறகு கண்ணாடியைத் தடவினார். கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"கப்பல்," என்றார். "கடல் தாண்டுற எழுத்து. இந்த வீட்டுல ஒருத்தர் சொந்த ரத்தத்துகிட்டகூடச் சொல்லாம, அடுத்த மாசம் கப்பல் ஏறப் போறாங்க. தொழிலும் இதே தொழில்தான். இல்லைன்னு சொல்லும்மா பார்ப்போம்."

பட்டறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் எழுந்துவிட்டார். "போறியா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

"உக்காருங்க அண்ணே. எங்கேயும் போகல." தங்கை அந்தக் கடிதத்தை எடுத்து அவர் மனைவியிடம் கொடுத்தாள். "அண்ணி, கடைசி வரியை மட்டும் சத்தமாப் படிங்க."

அண்ணி படித்தார். "இது பொய்க் கடிதம். நானே அடித்தது. இதை நான் ஒரே ஒருவரிடம்தான் பிரதி எடுக்கக் கொடுப்பேன்."

கடைசி வரி வரை நான் போகவில்லை. கப்பல் என்றதுமே எனக்குக் கண் இருட்டிவிட்டது அல்லவா? இப்போது பட்டறையின் கண்கள் மொத்தமும் மெல்ல நகர்ந்து என்மேல் வந்து நின்றன. மை டப்பாவுக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா," என்றாள் தங்கை, கோபமே இல்லாமல். "எங்கண்ணன் கண்ணு விஷயமும் உங்க மெஷின் வழியாத்தானே போச்சு?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் வேறென்ன செய்ய?

ஐயா சமாளித்தார். யார் என்ன சொன்னால் என்ன, கப்பலை எழுதியது மீன்தானே, இதோ கண்ணாடியில் இருக்கிறதே என்றார். தங்கை சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். சட்டியைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. கவிழ்த்துத் தட்டினாள். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது.

"மூணு வாரமா இந்தத் தொட்டியில மீனே இல்லைங்க. அண்ணன் வீட்டுத் தண்ணி ரெண்டு வாளி, என் விளக்கு, ஜன்னல் வெயில். மத்த மூணு பக்கமும் மேலயும் கறுப்புத் துணி. அவ்வளவுதான்."

"அப்ப கப்பல்?" என்று ஏணிமேலிருந்து மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

அவள் மேசையிலிருந்து ஒரு கறுப்புக் காகித வெட்டை எடுத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வைத்தாள். கப்பலின்மேல் அச்சாகப் பொருந்தியது. வெளிச்சம் பட்ட இடத்தில் பாசி முளைத்தது, காகிதம் மறைத்த இடத்தில் முளைக்கவில்லை. பனியனுக்குச் செய்கிற வேலைதான், பசைக்குப் பதில் பாசி, என்றாள். பிறகு அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் நடந்தாள். அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"கப்பல் இல்லைங்க. உங்க மீசை. கடைப் பலகையைப் பார்த்துச் சுருக்கி வெட்டினேன். சொந்த மீசையையே வாசிக்கத் தெரியலையே ஐயா உங்களுக்கு."

முதலில் சிரித்தது டிரைவர் மனைவி. அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு பட்டறையே சிரித்தது. ஐயா வாசலைத் தேடினார். "கண்ணுக்குத் தெரியாத மீனும் உண்டு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அழகு நிலையத்து அம்மா அதற்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் படி ஏறினார். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் மிச்சமிருந்ததில் பாதியை, மீன் ஜன்னல் திறப்பதற்காகக் காத்திருந்த அந்த ஆறு வாரம் தின்றுவிட்டது. அது வராது. இனி பேருந்து ஓட்ட முடியாது. பணிமனையில் சாவி கொடுத்து வாங்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் அவருடைய வலது கால் தானாக அழுத்துகிறது என்று அவர் மனைவி சொன்னார். என்னிடம் இல்லை, தங்கையிடம். என் காதில் விழுந்தது.

ஐயா பலகையை இறக்கிவிட்டு மறுபடி மீன்காரராகிவிட்டார். மீசையை எடுத்துவிட்டார். என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது, ஏன் இருக்காது? அந்த முதல் வளைவைப் பார்த்து 'எழுதின மாதிரி இருக்கு' என்று சொல்லி வைத்த வாடிக்கையாளர் நான்தானே. விளக்கை எட்டு மணி நேரத்தில் அணைக்கிறேன். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றி, பழைய பஞ்சால் கண்ணாடியைத் தேய்க்கிறேன். தீனியை அளந்து போடுவதால் சக்கர் மீனும் பாசி பக்கம் திரும்பியிருக்கிறது. தன்னால் ஆனதைச் செய்கிறது. பசித்தால் தின்கிறது. அதற்கு யார் கண் போனதும் தெரியாது, யார் கப்பல் ஏறுவதும் தெரியாது. எழுத வேண்டும் என்று அது ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. வாசிக்க ஆசைப்பட்டது நாம்தான்.

அடுத்த முறை ஒரு கண்ணாடியில் ஏதாவது எழுதியிருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பின்னாலிருந்து யார் கறுப்புக் காகிதம் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். அவ்வளவு யோசிக்கச் சோம்பலாக இருந்தால், என் கடையிலாவது பிரதி எடுக்காதீர்கள்.